காணாமல் போன பக்கமும் நாலு மூலை மஞ்சளும்

"நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை"ன்னு கம்ப்யூட்டர் சொல்லும் பாருங்க, அந்த ஒரு வரியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இல்லன்னு சொல்லுதியே மூதி, எங்க போச்சு, யாரு எடுத்தா, எப்ப வரும்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு ஒரு ஆளு தேடி வந்தா, "அவிய இல்ல, ராஜபாளையம் போயிருக்காவ, சாயங்காலம் வருவாவ"ன்னு சொல்லுதது மனுச வழக்கம். இந்தச் சனியன் இல்லங்கிறதோட கதவச் சாத்திட்டுப் போயிரும்.

நான் சங்கரன்கோவில்ல நெட் சென்டர் வச்சிருக்கேன். தேரடியில இருந்து ரெண்டு எட்டு. போர்டுலதான் நெட் சென்டர். உள்ள நடக்கிறது ஜெராக்ஸ், ஆதார்ல பேரு திருத்தம், பட்டா, வருமானச் சான்றிதழ், வேலைக்கு விண்ணப்பம், பரீட்சை முடிவு. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல "அக்கா, போனுக்குச் சார்ஜ் போட்டுக்கிடட்டா"ன்னு கேட்டு வாரதும் உண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாஸ்வேர்டு அயத்துப் போச்சுன்னு அஞ்சாவது தடவையா வந்து நிக்கிறவன, வாங்க ராசான்னு கொஞ்சவா முடியும்?

எங்க கடைக்குன்னு ஒரு ராசி இருந்துச்சு. பிரிண்டர் பக்கத்துல ஒரு கிண்ணத்துல குழைச்ச மஞ்சள், இன்னொண்ணுல குங்குமம். விண்ணப்பமோ, பரீட்சை முடிவோ, எது பிரிண்டாகி வந்தாலும் நாலு மூலையிலயும் மஞ்சள் தொட்டு வச்சு, அது மேல குங்குமப் பொட்டும் வச்சுத்தான் கையில குடுப்பேன். கடை தொறந்த புதுசுல ஒரு பிள்ளைக்குச் சும்மா வச்சேன். அவளுக்கு வேலை கிடைச்சிட்டு. அவ்வளவுதான், ஊரு பிடிச்சுக்கிட்டு. "அந்த அக்கா கையால மஞ்சள் வச்சா வேலை நிச்சயம்"னு இளையரசனேந்தல்ல இருந்தெல்லாம் பஸ் ஏறி, நடுவுல உள்ள கடையத் தாண்டி இங்கன வருவாவ. மஞ்சள் வச்ச தாள ஆபீஸ்ல வாங்குவாவளான்னு கேப்பீங்க. வாங்க மாட்டாவ. அதுக்குத்தான் ரெண்டு பிரதி. ஆபீசுக்கு வெறுந்தாள், சாமி படத்துக்கு முன்னால வைக்க மஞ்சள் தாள். பரீட்சை முடிவுன்னா மட்டும் மஞ்சள் தாள் ஒண்ணே ஒண்ணு. நானும் பெருமை பிடிபடாம வருசக்கணக்கா வச்சுக்கிட்டே இருந்தேன். மஞ்சளுக்கு அடியில என்ன எழுத்து கெடக்குன்னு ஒரு நாளாவது பாத்தேனா? கூறுகெட்டவ.

போன வருசம் ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவத் தொறக்கப் போற நேரம், பனவடலிசத்திரத்துக்காரி ஓடி வந்தா. பேரு வேண்டாம். அவ சோலி பாக்கிற துறை பேரும் வேண்டாம். ஒரு வம்பு முடிஞ்சிருக்கு, இன்னொண்ணு எதுக்கு? இங்க ஒரு அரசாங்க ஆபீஸ்ல அலுவலக உதவியாளரா இருக்கா. புருசன் போய்ச் சேந்த பெறகு, மக அஞ்சாங்கிளாஸ் படிக்கையில, என் கடையில விண்ணப்பம் போட்டு வேலைக்குப் போனவ. மக இப்ப நர்சிங் படிக்கா. தினம் ஆபீஸ் ஜெராக்சுக்கு வாரவதான். வந்தா ஒரே புலம்பல்தான் புலம்புவா: "எங்க பட்டியல்ல அஞ்சு பேர எடுத்தாவ, நாலு பேர்தான் வந்து சேந்தோம். அஞ்சாவது இடம் காலியாவே கெடக்கு. அந்தச் சோலியும் என் தலையில." பதினோரு வருசமா இதக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு.

அன்னைக்கு அந்தப் புலம்பல் இல்ல. ஒரு கடிதத்த நீட்டுனா.

விசயம் இதுதான். தணிக்கைக்கு வந்தவங்க அவ ஃபைலப் பாத்துட்டு, "இந்தம்மா வேலைக்குச் சேரும்போதே வயசு வரம்பு தாண்டிட்டு, எப்படி எடுத்தீங்க?"ன்னு எழுதி வச்சிட்டாவ. கணவன இழந்த பொம்பளைகளுக்கு வயசுல தளர்வு உண்டுன்னு அந்த வருசத்து அறிவிப்புலயே இருந்துச்சு. அதுக்காகத்தான் அவ விண்ணப்பமே போட்டா. ஆனா அவ நியமன உத்தரவுல அதப் பத்தி ஒரு எழுத்து இல்ல. "பார்வை: இணையதளத்தில் வெளியிடப்பட்ட அறிவிப்பு"ன்னு ஒரே வரி. நம்பர் இல்ல, தேதி இல்ல. மாசக் கடைசிக்குள்ள அந்த அறிவிப்பக் காட்டணும். இல்லன்னா வேலை போயிரும்.

"ஏட்டி, அழாத. உங்க ஆபீஸ்ல ஒரு காப்பி இருக்காதா?"

"கேட்டாச்சு அக்கா. இணையதளத்துல இருக்கிறத நாங்க எதுக்கு எடுத்து வைக்கணும்னு சொல்லுதாவ."

"திருநெல்வேலியில?"

"மாவட்டம் பிரிச்ச அன்னைக்கே எல்லாத்தையும் தென்காசிக்கு அனுப்பியாச்சாம்."

"தென்காசியில?"

"இன்னும் வந்து சேரலயாம்."

பிரிச்சு எத்தனை வருசமாச்சு! திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவுல அந்த மூட்டை எந்தப் புளியமரத்தடியில படுத்து உறங்குதோ தெரியல. எனக்கு அவ மேல வந்த இரக்கத்த விட, அந்த ஆபீஸ் மேல வந்த கோவம் பெருசு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்பாவ. இங்கன பூசாரி, சாமி எந்தக் கோயில்ல இருக்குன்னே தெரியலன்னு சொல்லுதான்.

சரி, நாமளே பாப்போம்னு உக்காந்தேன். அந்தத் துறையோட தளம் இப்ப பளபளன்னு இருக்கு. மேல படம் ஓடுது, பூ விரியுது. பழைய அறிவிப்பத் தேடுனா, "நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை." வந்துச்சு பாருங்க எனக்கு!

இதுக்கு ஒரு வழி உண்டு. உலகத்துல உள்ள இணையப் பக்கங்கள அப்பப்பப் பிரதி எடுத்துச் சேத்து வைக்கிற தளம் ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் அழிஞ்சு போனாலும், அதோட பழைய முகவரிய அங்க அடிச்சா, எந்த நாள் பிரதி இருக்கோ அதக் காட்டும். என் தொழில்ல இருக்கிறவளுக்கு இது தெரியாட்டா என்ன தொழிலு? துறையோட தளத்து முகவரிய அடிச்சேன். பழைய முகப்பு அப்படியே வந்து நின்னுச்சு. "பாத்தியா, வந்துட்டு!"ன்னு அவ முதுகுல ஒண்ணு போட்டேன். விண்ணப்ப அறிவிப்பு அதுல இல்ல. எந்த விதியில எடுத்தாவன்னு முடிவுலயாவது போட்டிருப்பாவன்னு, 'தேர்வு முடிவுகள்'னு இருந்த பொத்தான அமுக்குனேன். ஒண்ணும் நடக்கல. இன்னொரு நாள் பிரதியில அமுக்குனேன். அதுலயும் அசையல. பெறகுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வருசம் முடிவ மட்டும் துறைத் தளத்துல போடல. யாருக்கோ ஒப்பந்தம் விட்டு, வேற ஒரு முகவரியில போட்டிருந்தாவ. அந்த முகவரி தெரிஞ்சாத்தான் அடுத்த அடி வைக்க முடியும். பதினோரு வருசத்துக்கு முந்துன முகவரிய எவன் ஞாபகம் வச்சிருப்பான்?

அந்தத் துறைக்குப் போன் போட்டேன். நாலு பேருக்கு மாத்தி மாத்திக் குடுத்தாவ. அஞ்சாவதா எடுத்த ஒரு சின்னப் பையன் குரலு, "மேடம், அது பழைய வெர்ஷன், இப்ப புது வெர்ஷன்தான் இருக்கு"ங்கான். ஏலே, இவ வேலையும் பழைய வெர்ஷன்தான், அதத்தான் புடுங்கப் பாக்காவன்னு சொன்னேன். வச்சிட்டான்.

அப்பத்தான் அவ சொன்னா: "அக்கா, நீங்க அன்னைக்கு எடுத்துத் தந்த தாளு வீட்டுல இருக்கு. சாமி படத்துக்குப் பின்னால."

எனக்கு உயிர் வந்துச்சு. ஏன்னா, இணையப் பக்கத்த பிரிண்ட் எடுத்தா, தாளோட அடியில, இடது மூலையில, அந்தப் பக்கத்தோட முகவரி பொடி எழுத்துல தானா விழும். யாரும் கவனிக்க மாட்டாவ. "ஏட்டி கோட்டிக்காரி, இத முதல்லயே சொல்லக் கூடாதா? ஓடு, எடுத்துட்டு வா"ன்னு விரட்டுனேன்.

மறுநாள் வெள்ளன வந்தா. மஞ்சள் பையில இருந்து, துணியில சுத்தி வச்சிருந்தத, நகை எடுக்கிற மாதிரி மெதுவா எடுத்தா. கோமதியம்மன் படத்துக்குப் பின்னால, கோயில்ல குடுத்த புற்றுமண் பொட்டலத்தோட சேந்து இருந்த தாளு. விளக்கு எண்ணெயும் புகையும் ஏறி அப்பளம் மாதிரி முறுகிக் கெடக்கு. பேரு தெளிவா இருக்கு. தெரிவானவங்க அஞ்சு பேரு, கீழ காத்திருப்போர் பட்டியல்னு ரெண்டு பேரு. அடி இடது மூலையப் பாத்தேன்.

மஞ்சள். அது மேல குங்குமம். கல்லு மாதிரி இறுகி, கறுத்துப் போயி.

நான் வச்சது. என் விரல் ரேகை கூட அதுல பதிஞ்சிருந்துச்சு.

வாய் நீளம்னு சொன்னேன்லா, அந்த வாய் அன்னைக்கு அடைச்சிப் போச்சு. ஊர்ல உள்ள ஆபீஸ எல்லாம் திட்டுனேனே, அவங்களாவது பக்கத்தத்தான் தொலைச்சாவ. அதுக்குப் போற வழிய நானே மஞ்சள் பூசி அடைச்சு வச்சிருக்கேன்.

"என்ன அக்கா, தெரியலயா?"

"தெரியும், தெரியும். கொஞ்சம் பொறு."

ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சேன். பின்னால திருப்பிப் பாத்தேன். போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். முதல் நாலு எழுத்தும், கடைசியில ஒரு புள்ளியும் தெரியுது. நடுவுல ஒரே செம்மண் காடு. என் பழைய லேசர் பிரிண்டர் எழுத்து, தண்ணி பட்டா அழியாது. பஞ்ச நனைச்சுத் துடைச்சா குங்குமம் போயி எழுத்து நிக்கும்னு கணக்குப் போட்டேன். மெதுவா ஒத்துனேன். கொஞ்சம் இளகிச்சு. அவசரக் குடுக்கை, இன்னும் கொஞ்சம் அழுத்துனேன். எண்ணெய் ஏறின தாளு, என்ன தாங்கும்? மூலையே பிஞ்சு பஞ்சோட வந்துட்டு.

அவ பிஞ்ச துண்டப் பாத்தா, என்னப் பாத்தா. "போட்டும் அக்கா"ன்னா. திட்டுறவ கூட மல்லுக்கு நிக்கலாம். இவ கூட என்ன செய்ய?

அவள அனுப்பிட்டு, மிச்சத் தாளையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேரு ஒரு பொம்பளை. ஊரு மேலநீலிதநல்லூர். இந்தப் பக்கத்து ஆளுன்னா அவளும் ஏதாவது நெட் சென்டர்லதான் முடிவு பாத்திருப்பா. அவகிட்ட ஒரு தாளு இருந்தா? மத்த கடைக்காரன் எவனும் மஞ்சள் வைக்க மாட்டான். அதுவும் நினைச்சேன்: இத்தனை வருசம் கழிச்சு இந்த வயசு விவகாரம் வெளிய வருதுன்னா யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கணும், அது இவளாத்தான் இருக்கும், வயித்தெரிச்சல் பிடிச்சவ. தாளக் குடுக்காட்டா நாலு கேள்வி கேக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டேதான் பஸ் ஏறுனேன்.

ஊருக்குள்ள விசாரிச்சதுல, ரோட்டுலதான் நிக்கான்னு கையக் காட்டுனாவ. தார் ரோட்டுல உளுந்தஞ்செடியப் பரப்பி விட்டிருந்தாவ. பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக, செடி உடைஞ்சு உளுந்து உதிரும். ஓரமா நின்னு கவைக்கம்பால செடியப் புரட்டிப் போட்டுக்கிட்டு இருந்தா ஒருத்தி. நாப்பது வயசு இருக்கும். தலையில துண்டு, கண் இமையெல்லாம் தூசி. நான் யாருன்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே, "வாங்க அக்கா, நெட் சென்டர் அக்காதான?"ன்னா.

எனக்கு அவளச் சுத்தமா ஞாபகம் இல்ல.

"உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது. உங்க கடையிலதான் போட்டேன், உங்க கடையிலதான் முடிவும் பாத்தேன். காத்திருப்புல முதல் ஆளு, கண்டிப்பாக் கூப்பிடுவாவன்னு சொல்லி மஞ்சள் வச்சுத் தந்தீங்க."

செத்தேன்னு நினைச்சேன். அப்ப அந்தத் தாள்லயும் அதே மூலையில அதே மஞ்சள். வந்தது வீண். ஆனாலும் விசயத்தச் சொன்னேன். உன் பட்டியல்லயே மேல இருந்த பனவடலிசத்திரத்துக்காரிக்கு வேலை போகப் போவுது, இந்த மாதிரி ஒரு முகவரி வேணும்னு. மொட்டைக் கடுதாசி பத்தி நான் ஒத்திகை பாத்தது தொண்டையிலேயே நின்னு போச்சு. அவ முகத்தப் பாத்தா அப்படி எழுதுற ஆளாத் தெரியல.

"அந்த அக்காவுக்கா? வேலையா போவுது?"ன்னு கேட்டுட்டு, கம்பக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போனா. ஒரு பிளாஸ்டிக் கவரோட வந்தா. ரேசன் கார்டு, பிள்ளைகளோட மார்க் சீட்டு, அதுக்கு அடியில அந்தத் தாளு. விரிச்சா. நாலு மூலையும் லேசா மஞ்சக் கறை. அவ்வளவுதான். மஞ்சளும் இல்ல, குங்குமமும் இல்ல. இடது மூலையில முகவரி அட்சரம் பிசகாம நிக்குது.

"என்னம்மா இது? நான் வச்ச மஞ்சள் எங்க?"

தலையக் குனிஞ்சுக்கிட்டா. "அன்னைக்குச் சாயங்காலமே துடைச்சிட்டேன் அக்கா. இந்தத் தாளக் கொண்டாந்து காட்டுனா, எங்க மாமியா, 'காத்துக் கெடக்கதுக்கெல்லாம் ஒரு பட்டியலா, அதுக்கு மஞ்சள் வேறயா'ன்னு சிரிச்சாவ. வந்த கோவத்துல ஈரச் சீலையால அழுத்தித் துடைச்சுப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்திட்டு, "துடைச்சிருக்கக் கூடாதுதான்"னா.

நான் அதக் காதுல வாங்குனாத்தானே. முகவரியப் போன்ல நாலு படம் எடுக்கிற அவசரம் எனக்கு. எடுக்கையில வலது மேல் மூலையும் கண்ணுல பட்டுச்சு. அங்கயும் மஞ்சளுக்கு அடியில பதினோரு வருசம் ஒளிஞ்சு கெடந்த எழுத்து: பக்கம் ஒண்ணு, மொத்தம் மூணு.

"மூணு பக்கமா?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். முடிவு வந்த அன்னைக்கு என் கடை வாசல் வரைக்கும் கூட்டம். ஒரே பிரிண்டர். பேரு வந்த தாளு போதும்னு எல்லாருக்கும் முதல் பக்கத்த மட்டும் போட்டு, மஞ்சளத் தடவித் தடவி அனுப்பிட்டு இருந்தேன். பின்னால ரெண்டு பக்கம் இருக்குன்னு யாரு பாத்தா?

"கிடைச்சா எனக்கும் மூணு பக்கமும் ஒண்ணு தாங்க அக்கா. என்னை ஏன் கூப்பிடலன்னு அதுலயாவது போட்டிருக்கான்னு பாக்கணும்"னா. தாரேன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டு பஸ்ஸப் பிடிச்சேன்.

கடைக்கு வந்ததும் பனவடலிசத்திரத்துக்காரிக்குப் போன் போட்டு வரச் சொல்லிட்டு, முகவரிய ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். சுத்துச்சு, சுத்துச்சு, ஒரு தேதி காட்டுச்சு. ஒரே ஒரு நாள், எந்தப் புண்ணியவானோ பிரதி எடுத்து வச்சிருக்கான். அமுக்குனேன். பக்கம் வந்துச்சு. ஆனா தமிழ் வரல. எலி ஓடுன மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் கொம்பும் புள்ளியுமா கெடக்கு. அட எழவே! அப்ப உள்ள பக்கமெல்லாம் தனி எழுத்துரு போட்டாத்தான் தமிழாத் தெரியும். புது கம்ப்யூட்டர்ல அது கிடையாது. பரண்ல ஏறி, கல்யாணப் பத்திரிகை அடிச்ச காலத்துப் பெட்டிய இறக்கி, தூசி தட்டி, அதுக்கு உயிர் குடுத்து, அந்த எழுத்துருவ எடுத்துப் போட்டேன். என் மூக்குல இருந்து மூணு நாளைக்குத் தும்மல் நிக்கல. ஆனா எழுத்து ஒண்ணொண்ணாத் தமிழாகி நின்னுச்சு.

ரெண்டாம் பக்கத்துல, நாலாவது குறிப்பு: கணவனை இழந்த பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வு அளித்து இத்தேர்வு நடத்தப்பட்டது. பக்கத்துலயே அரசாணை நம்பர். அவ அதத் திரையில விரல வச்சு வச்சு வாசிச்சா. மூணு தடவை வாசிச்சா. பெறகு என் தோள்ல சாஞ்சு அழுதா பாருங்க, கடையில ஜெராக்சுக்கு நின்ன ஆளெல்லாம் எழவு வீடுன்னு நினைச்சு வெளிய போயிட்டாவ.

நானும் சந்தோசமாத்தான் கீழ இழுத்தேன். மூணாம் பக்கம். அதுல ஒரே ஒரு பத்தி. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள், இவ்வறிவிப்பு வெளியான பதினைந்து நாட்களுக்குள், தங்கள் விருப்பக் கடிதத்தை நேரில் அளிக்க வேண்டும். தவறினால் காலியிடம் ஏற்படினும் அவர்கள் பெயர் பரிசீலிக்கப்படாது.

அஞ்சு பேர எடுத்தாவ, நாலு பேர்தான் வந்து சேந்தோம். பதினோரு வருசமா என் காதுல விழுந்த புலம்பல் அன்னைக்குத்தான் எனக்குள்ள இறங்குச்சு. அந்த அஞ்சாவது இடம் யாரு இடம்?

பனவடலிசத்திரத்துக்காரியும் வாசிச்சிட்டா. அழுத கண்ணத் துடைச்சுக்கிட்டு, "அக்கா, இத அவகிட்டக் காட்ட வேண்டாம். தெரியாதது தெரியாததாவே கெடக்கட்டும். பாவம், இப்ப தெரிஞ்சு என்ன செய்யப் போறா?"ன்னா. அவளுக்கு வேலை பிழைச்சிட்டு, அதனால நல்ல மனசோட சொன்னா. எனக்கும் அதுதான் சௌகரியம். ரெண்டு பக்கத்த மட்டும் பிரிண்ட் போட்டுக் குடுத்தா அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கத்த மட்டும் போட்டுக் குடுத்துப் பழகுன கைதானே.

அடுத்த வாரம் ஆபீஸ் வேலை முடிஞ்சுது. முடிஞ்ச லெச்சணத்தையும் சொல்லணும். "இது எங்க தளம் இல்லயே, வெளிநாட்டுக்காரன் தளம்லா, செல்லாது"ன்னாரு ஒரு அதிகாரி. "ஐயா, உங்க தளத்துல இருந்திருந்தா நான் ஏன் வெளிநாட்டுக்காரன் வாசல்ல போயி நிக்கேன்?"னு கேட்டேன். கடைசியில, அந்த அரசாணை நம்பர வச்சுத் தேடுனதுல திருநெல்வேலியிலேயே மூட்டையோட ஃபைல் கெடந்துச்சு. தென்காசிக்கு அனுப்பவே இல்ல. அனுப்பியாச்சுன்னு சொன்ன மனுசன் அதே அறையிலதான் உக்காந்திருந்தாரு. தணிக்கைக் குறிப்ப ரத்து பண்ணிட்டாவ. அவ எனக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிட்டு வந்தா. பிரிக்காம அப்படியே மேசை ஓரத்துல வச்சேன்.

மூணு பக்கத்தையும் பிரிண்ட் போட்டேன். மஞ்சக் கிண்ணத்துப் பக்கம் கை தன்னால போச்சு. ஓங்கி ஒண்ணு போட்டுக்கிட்டேன், என் கையிலயே. வெறுந்தாளா மடிச்சு எடுத்துக்கிட்டு மேலநீலிதநல்லூருக்குப் போனேன். போற வழியெல்லாம் என்ன சொல்லணும்னு யோசிச்சேன்.

ரோட்டுல செடியெல்லாம் அள்ளியாச்சு. அவ ஓரமா குத்த வச்சு, சுளகுல உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தா. "அந்த அக்காவுக்கு வேலை நிலைச்சிட்டா?"ன்னுதான் முதல்ல கேட்டா. நிலைச்சிட்டுன்னேன். "நல்லதாப் போச்சு"ன்னு கையத் துடைச்சுக்கிட்டு தாள வாங்குனா. ரெண்டு பக்கத்தத் தள்ளிட்டு மூணாவதுல நின்னா. உதடு அசைய அசைய வாசிச்சா. ஒரு லாரி வந்துச்சு, போச்சு. அவ நிமிரல.

நான் சொல்லிட்டேன். "ஒரு இடம் காலியாத்தான் கெடந்துச்சு. இப்பவும் கெடக்கு. நீ அந்தப் பதினைஞ்சு நாளுக்குள்ள போயி எழுதிக் குடுத்திருந்தா உனக்குத்தான். இந்தத் தாள நான் உனக்குத் தரல."

திட்டுவா, கத்துவா, மண்ண வாரித் தூத்துவான்னு நின்னேன். எல்லாத்துக்கும் தயாரா நின்னேன். அவ தாளையே பாத்துக்கிட்டு, சின்னப் பிள்ளை கேக்கிற மாதிரி கேட்டா:

"அப்ப நான் மஞ்சளத் துடைச்சதால இல்லையா அக்கா?"

எனக்கு முதல்ல விளங்கல.

"அம்மனுக்கு வச்ச மஞ்சளக் கோவத்துல துடைச்சேன்லா. அந்தக் குத்தந்தான், வர வேண்டிய வேலை வராமப் போச்சுன்னு இத்தனை வருசமும் நினைச்சிருக்கேன். வெளிய சொன்னதில்ல. ஆடித்தபசுக்குத் தபசு வந்து அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போவேன்."

"இல்ல தாயி. நீ துடைச்சதால இல்ல. நான் மூணு தாள்ல ஒண்ண மட்டும் குடுத்ததால."

அவ பெருசா ஒரு மூச்சு விட்டா. தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. "நல்லவேளை அக்கா"ன்னா.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலா அவ என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.